ஊர் வாயில் விழுந்த வாக்குமூலம்

குமரவேல் நீதிமன்றக் கூண்டில் நின்று, "அந்த வாக்குமூலம் நான் குடுத்தது இல்லீங்க, போலீஸ் அடிச்சு எழுதி வாங்குனதுங்க" என்று சொல்லித் தன் வார்த்தைகளைத் திரும்ப வாங்கிக்கொண்ட அதே பகல்பொழுதில், பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த தும்பைப்பாளையத்தில், மளிகைக்கடை அய்யாக்கண்ணு சர்க்கரைப் பொட்டலத்தைக் கட்டி நூலை இழுத்து அறுத்துவிட்டு, எதிரே நின்ற டீச்சரம்மாவிடம் வேறென்ன வேண்டும் என்று கேட்பதற்காக வாயைத் திறந்தார்.

"நான்தாங்க அவளைக் கொன்னேன். அவ ஒண்ணும் பேசலீங்க, பூண்டு உரிச்சுட்டிருந்தா. என்னைப் பாத்துப் பயப்படறத அவ நிறுத்துன நாள்ல இருந்தே நெனச்சுட்டிருந்தேனுங்க" என்றார் அய்யாக்கண்ணு. அதற்குப் பிறகுதான், "வேறென்ன வேணுங்க டீச்சர்?" என்பது வந்தது.

டீச்சரம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவருக்கும் அதேதான் வந்தது. அது முடிந்ததும், துவரம்பருப்பு கால் கிலோ என்றார்.

அன்று பொழுது சாய்வதற்குள், தறிப்பட்டறையில் இழை அறுந்ததைச் சொல்ல வந்தவர்களுக்கும், பஸ் நிறுத்தத்தில் டிக்கெட் கேட்டவர்களுக்கும், கிணற்று மோட்டாரைப் போடச் சொல்லிக் கத்தியவர்களுக்கும், தொட்டிலை ஆட்டிக்கொண்டே பாட ஆரம்பித்தவர்களுக்கும், பேச வாய் திறந்த ஆண் பெண் எல்லாருக்கும் முதலில் அந்த மூன்று வாக்கியங்கள் வந்தன. அதன் பிறகுதான் சொந்தப் பேச்சு வந்தது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு வரவில்லை. ஆனால் அவர்கள் கேட்டுக் கேட்டே அதைக் கற்றுக்கொண்டார்கள்.

அந்த வார்த்தைகள் யாருடையவை என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் தெரியும். மாசி மாதத்தில் ஒரு காலை நேரம், குமரவேல் தன் மனைவி இளஞ்சியத்தைக் கொடுவாளால் வெட்டிவிட்டு, தெருக்குழாயில் கை கழுவிக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலர் வருமானச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு நடந்து போய் மரியாதையாக நின்று சொன்ன வார்த்தைகள் அவை. பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் அதையே சொன்னான். யாராவது உன்னை மிரட்டினார்களா, அடித்தார்களா, நன்றாக யோசித்துக்கொண்டு வந்து சொல் என்று அவர் திருப்பி அனுப்ப, யோசித்துவிட்டு வந்தும் ஓர் எழுத்து மாறாமல் அதையே சொன்னான். அதிகாரிகளிடம் பேசிய பேச்சு என்பதால் அதில் நிறைய 'ங்க' இருந்தது. அதனால்தான் தும்பைப்பாளையத்தில் பெற்றவள்கூடத் தன் கைக்குழந்தையிடம் இப்போது, நான்தாங்க அவளைக் கொன்னேன் என்று பணிவாகச் சொல்ல வேண்டியிருந்தது.

இளஞ்சியத்துக்குத் தாய் இல்லை. அக்கா தெய்வானைதான் தூக்கி வளர்த்தாள். கல்யாணமான புதிதில் அவன் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே இளஞ்சியத்தின் கை நடுங்கும், தட்டு விழும், விழுந்த தட்டுக்காக அடி விழும். பிறகு அவள் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அங்கே இருந்த பெண்களோடு சேர்ந்து சத்தம் போட்டுச் சிரிக்கக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் அவன் கையை ஓங்கியபோது அந்தக் கையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் துணி மடிக்கப் போய்விட்டாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அவன் உள்ளே போனதும், அவன் அம்மா ரங்கநாயகி ஊர்த் தலைவர் நாச்சிமுத்துவின் காலில் விழுந்தாள். நாச்சிமுத்து கல்யாண மண்டபத்தில் ஊரைக் கூட்டினார். டவுனிலிருந்து வக்கீல் சபாபதி வந்திருந்தார்.

"அந்த வாக்குமூலம் இருக்கற வரைக்கும் எதுவும் பண்ண முடியாதுங்க" என்றார் சபாபதி. "அதுல 'ஒண்ணும் பேசல'ன்னு இருக்கு. 'நெனச்சுட்டிருந்தேன்'னும் இருக்கு. அந்த ரெண்டும்தான் பையனைக் கொல்லப் போகுது. அதனால மொதல்ல அதை அவன் சொல்லவே இல்லைன்னு ஆக்கணும். அப்புறம், ஒருவேளை செஞ்சிருந்தாலும், அவ பேசுன பேச்சுல திடீர்னு வந்த ஆத்திரம்னு ஆக்கணும்."

"செய்யவே இல்லைன்னும் சொல்லலாம், செஞ்சாலும் ஆத்திரத்துலன்னும் சொல்லலாமுங்களா?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"ரெண்டையும் சொல்லலாமுங்க. ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு நிக்கும்."

"அப்படி அவ என்னதான் பேசுனா?"

"அதை நீங்கதான் சொல்லணும்" என்றார் சபாபதி.

ஒருவன், ஆம்பளையான்னு கேட்டிருப்பா என்றான். இன்னொருவன், உன் சோறு எவனுக்கு வேணும்னு சொல்லியிருப்பா என்றான். அய்யாக்கண்ணு, அவன் கூடப் பொறந்தவளைப் பத்தி அசிங்கமா ஏதாச்சும் பேசியிருப்பா என்றார். அப்படி ஒவ்வொருவனும், தன் மனைவி என்றாவது ஒருநாள் சொல்லிவிடுவாளோ என்று தான் பயந்துகொண்டிருந்த வார்த்தையை எடுத்து, பேச முடியாமல் கிடந்த ஒருத்தியின் வாயில் வைத்தான். அடுத்த அறையில் பந்திக்கு இலை துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாவற்றையும் கேட்டார்கள். துடைத்த இலையையே திரும்பவும் துடைத்தார்கள், ஒருத்தியும் எழுந்து வரவில்லை. தெய்வானையை யாரும் கூப்பிடவில்லை. அவள் அப்போது பட்டறையில் ஷிஃப்டில் இருந்தாள்.

இதற்குப் பிறகுதான் குமரவேல் தன் வார்த்தைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொண்டவன் வாய்க்குள் அவை போகவில்லை. வாங்கச் சொன்ன ஊரின் வாயில் வந்து விழுந்தன.

முதல் கொஞ்ச நாள் ஊர் அலைந்தது. தொண்டை டாக்டரிடம் போனார்கள். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னார். மாரியம்மன் கோயில் பூசாரியிடம் தாயத்துக் கேட்டார்கள். அவர் மந்திரம் சொல்ல வாயெடுத்தபோது அவருக்கும் அதுவே முதலில் வந்தது. பிறகு ஊர் அலைவதை விட்டுவிட்டுப் பழகிக்கொண்டது. எதற்கும் பழகிக்கொள்ளும் ஊர் அது. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் போனை எடுத்ததும் அதைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்து, அது முடிந்த பிறகு காதில் வைக்கப் பழகினார்கள். கல்யாணத்தில் மாலை மாற்றும்போது மாப்பிள்ளை அதைச் சொன்னான், பெண் தலைகுனிந்து அதையே திருப்பிச் சொன்னாள், கெட்டிமேளம் முழங்கியது. உள்ளாட்சித் தேர்தலில் நாச்சிமுத்து ஜீப்பில் நின்று, நான்தாங்க அவளைக் கொன்னேன் என்று தொடங்கி, குடிதண்ணீர் குழாய் தருவதாக வாக்குக் கொடுத்து ஜெயித்தார். நாளாக நாளாக அந்த வாக்கியங்கள் தேய்ந்தன. சோப்பு தேய்வதுபோல் தேய்ந்து, பல்லிடுக்கில் ஒரு முணுமுணுப்பாகி, இருமலைப்போல, கொட்டாவியைப்போல ஆயின. தங்கள் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதை அவர்கள் காது கேட்பதே இல்லை.

தெய்வானையின் காது மட்டும் கேட்டது. பெரியவர்களில் அவள் ஒருத்தி வாய்க்குத்தான் அந்த வார்த்தைகள் வரவே இல்லை. பால்காரன் பால் ஊற்றும்போது அவள் தங்கை செத்தாள். பட்டறை மேஸ்திரி பேர் கூப்பிடும்போது செத்தாள். பக்கத்து வீட்டுப் பெண் கறிவேப்பிலை கேட்டு வரும்போது செத்தாள். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று அவள் எண்ணவில்லை. எண்ணினால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் முதலில் அவளுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. உண்மை ஊர் வாயிலேயே வந்துவிட்டதே, இனி யார் மறைக்க முடியும் என்று நினைத்து, அரசு வக்கீலைப் பார்க்கப் போனாள்.

"சார், ஊரே சொல்லுதுங்க. ஒருத்தர் பாக்கியில்லாம சொல்றாங்க. அவ ஒண்ணும் பேசலைன்னும் சொல்றாங்க. நீங்க வந்து கேளுங்க சார்."

அரசு வக்கீல் நல்ல மனிதர்தான், களைத்துப் போனவர். "அவன் சொன்னாத்தாம்மா வாக்குமூலம். ஊர் சொன்னா வெறும் சத்தம்" என்றார்.

வழக்கு நடந்தது. தும்பைப்பாளையத்துச் சாட்சிகள் ஒவ்வொருவராகக் கூண்டேறினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன் என்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும், நான்தாங்க அவளைக் கொன்னேன் என்றார்கள். முதல் ஆளுக்கு நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்; மூன்றாவது ஆளுக்கு, சாட்சிக்கு வழக்கமான ஒரு பேச்சுக்குறை இருக்கிறது, அதை எழுத வேண்டாம் என்று டைப்பிஸ்டிடம் சொல்லிவிட்டார். ஒண்ணும் பேசலீங்க என்று சொன்ன அதே வாயால், மூச்சு விடுவதற்குள், அவ பேசாத பேச்சில்லீங்க என்றார்கள். ஒருவர் சொன்ன பேச்சும் இன்னொருவர் சொன்ன பேச்சும் ஒத்துப்போகவில்லை. அதனாலென்ன, வாய் நீண்டவள் விதவிதமாகத்தானே பேசியிருப்பாள் என்றார் சபாபதி.

தெய்வானையையும் கூண்டில் ஏற்றினார்கள்.

"உங்க தங்கச்சிக்கு வாய் ஜாஸ்தியாம்மா?" என்று கேட்டார் சபாபதி.

"இல்லீங்க. அவ சிரிப்பாங்க. சத்தமாச் சிரிப்பா."

"புருஷனைப் பாத்தும் சிரிப்பாங்களா?"

தெய்வானைக்குக் குழி தெரிந்தது. ஆனால் கால் ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. "ஐயா, இப்பத்தானே அத்தனை பேரும் உங்க முன்னால சொன்னாங்க, அவ ஒண்ணும் பேசலைன்னு? உங்க காதுலயும் விழுந்துச்சுங்களே?" என்று அவள் நீதிபதியைப் பார்த்துக் கேட்டாள்.

"அது சாட்சியம் இல்லம்மா. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார் நீதிபதி. "புருஷனைப் பாத்துச் சிரிப்பாங்களா, மாட்டாங்களா?"

சபாபதி கடைசி நாளில் எழுந்து நின்று பேசியதை அந்த நீதிமன்றத்தில் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கனம் நீதிபதி அவர்களே, ஓர் ஊரே கொலையை ஒப்புக்கொள்கிறது, ஆணும் பெண்ணும் கிழவரும் ஒப்புக்கொள்கிறார்கள், ஊரில் ஒப்புக்கொள்ளாதவர் என் கட்சிக்காரர் ஒருவர்தான், அவரைப் பிடித்துத்தான் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, அப்படியே அவர் செய்திருந்தாலும், ஒரு பெண்ணின் இளக்காரமான சிரிப்பு ஒரு மானமுள்ள ஆணை என்ன செய்யும் என்று தயவுசெய்து நினைத்துப் பாருங்கள் என்றார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

நீதிபதி நினைத்துப் பார்த்தார். வாக்குமூலத்தை ஆதாரமாகக் கொள்ள முடியவில்லை என்று எழுதினார். செய்தவன் அவன்தான் என்பதற்கு வேறு சாட்சியம் போதும் என்றும், ஆனால் அது கொலை அல்ல, எந்தக் கணவனாலும் பொறுக்க முடியாத சொல்லாலும் சிரிப்பாலும் தூண்டப்பட்டுத் திடீரென்று நடந்துவிட்டது என்றும் எழுதினார். அந்தச் சொல் என்ன சொல் என்று அவர் எழுதவில்லை. தீர்ப்பு முழுவதிலும் 'இறந்துபோன பெண்' என்று இருந்தது. கொடுத்த கொஞ்ச வருஷத் தண்டனையிலும் விசாரணையில் உள்ளே இருந்த காலத்தைக் கழித்துக்கொண்டார்கள். நன்னடத்தைக்கு இன்னும் கொஞ்சம் கழித்தார்கள். தெய்வானை தங்கையின் துணிமணிகளை எடுத்து யாருக்காவது கொடுக்க மனம் வருவதற்கு முன்பே குமரவேல் வெளியே வந்துவிட்டான்.

வந்தவன் பஸ்ஸை விட்டு இறங்கி, "எல்லாரும் நல்லாருக்கீங்களா?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். முன்னால் எதுவும் வரவில்லை. பஸ் நிறுத்தமே வாயைப் பிளந்து அவனைப் பார்த்தது. இவ்வளவு சுத்தமான பேச்சைக் கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது! பண்டிகை வந்தபோது கோயில் மைக்கை அவன் கையில்தான் கொடுத்தார்கள். குடிதண்ணீர் வராத அறிவிப்பை ஆட்டோவில் போய் அவன்தான் சொன்னான். கூட்டுறவுச் சங்க விழாவில் வந்தவர்களை அவன்தான் வரவேற்றான். ஊரே ஒன்றாகச் சுமந்ததைச் சுமக்காத ஒருவனுக்கு ஊர் மரியாதை கூடிக்கொண்டே போனது. வெட்டியவன் குரல் ஒலிபெருக்கியில் தெருத்தெருவாகப் போக, தெய்வானை தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு காதில் பஞ்சை அடைத்துக்கொண்டாள்.

ரங்கநாயகி மகனுக்குப் பெண் தேடினாள். மாப்பிள்ளையின் முதல் சம்சாரம் தவறிவிட்டாள், ஆனால் ஊரிலேயே வாய் சுத்தமான ஆள் அவர் ஒருத்தர்தான் என்று தரகர் சொல்லிச் சொல்லி, தாராபுரம் பக்கமிருந்து யமுனா என்ற பெண்ணைப் பிடித்தார். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தவள், அப்பா மட்டும்தான். அந்த ஊர்த் தண்ணியில ஏதோ இருக்கு, பேச ஆரம்பிக்கறப்ப ஏதேதோ முணுமுணுப்பாங்க, நீங்க கண்டுக்காதீங்க என்று தரகர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

நிச்சயத்துக்கு முகூர்த்தம் காலையில். யமுனா, குமரவேல் வீட்டுக் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் எல்லாரும் குனிந்து அவளிடம் முணுமுணுத்துவிட்டு, வா கண்ணு என்றார்கள், நல்லாரு தாயி என்றார்கள். அழைக்காமலே தெய்வானை வந்து வாசலில் நின்றாள். நாச்சிமுத்து எழுந்து வந்தார். அவளைப் போகச் சொல்ல வேண்டுமானால் அவள் முகத்தைப் பார்த்து முதலில் அதைச் சொல்லியாக வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

ரங்கநாயகி தட்டில் பூவோடு வந்து யமுனாவின் தலையில் வைக்கக் குனிந்தாள். "நான்தாங்க அவளைக் கொன்னேன்..." என்று வழக்கம்போல் முணுமுணுத்து முடித்துவிட்டு, "தலையைக் குனி கண்ணு" என்றாள்.

யமுனா குனியவில்லை. "யாரைங்க?" என்று கேட்டாள்.

"என்னது?"

அந்தச் சொல்லுக்கு முன்னாலும் அது முழுதாக வந்தது. யமுனா அது முடியும்வரை பொறுத்திருந்தாள்.

"கொன்னேன் கொன்னேன்னு எல்லாரும் சொல்றீங்களே. யாரைக் கொன்னீங்க?"

அத்தனை காலத்தில் அந்த ஊரில் அதை யாரும் கேட்டதில்லை. ரங்கநாயகியின் வாய் திறந்தது.

"இளஞ்சியத்தை" என்றாள்.

யமுனா திரும்பி அய்யாக்கண்ணுவைப் பார்த்தாள். அவள் கேட்பதற்கு முன்பே அவரும், இளஞ்சியத்தை என்றார். நாச்சிமுத்துவும் சொன்னார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். அடுப்படியில் இருந்தவர்கள் சொன்னது வெளியே கேட்டது. தீர்ப்பில் இல்லாத பெயர், மண்டபத்தில் ஒருவரும் உச்சரிக்காத பெயர், அந்த வீட்டுக் கூரை முட்ட நின்றது.

"அது யாரு?" என்றாள் யமுனா.

"என் தங்கச்சி" என்றாள் தெய்வானை வாசலிலிருந்து. "இந்த வீட்டுலதான் இருந்தா."

யமுனா குமரவேலைப் பார்த்தாள். "நீங்க மட்டும் சொல்லலையே?"

"நான் எதுக்குச் சொல்லணும்? கோர்ட்டே முடிச்சு விட்டுருச்சு" என்றான் குமரவேல். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை அவனுக்கு ஆகவில்லை. "என்ன மொறைக்கறே? அவளும் இப்படித்தான் பாத்தா" என்றான்.

யமுனா எழுந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கப்பா" என்றாள். தெய்வானை விலகி வழிவிட்டாள்.

அன்றிலிருந்து பெயர் சேர்ந்துகொண்டது. 'அவளை' என்ற இடத்தில் 'இளஞ்சியத்தை' என்று வந்தது. தேய்ந்து போயிருந்த வாக்கியம் அந்தப் பெயர் வந்து உட்கார்ந்ததும் பழையபடி முழுதாகிவிட்டது. முணுமுணுக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை, அதன் ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்தித் தெளிவாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஊர் முதல்முறையாகத் தன் வாயைத் தானே கேட்டது. புருஷனைக் கூப்பிட வந்தவள் அதைச் சொல்லிவிட்டு அவன் கையைப் பார்த்தாள். மளிகைக்கடையில் அய்யாக்கண்ணு சைகையிலேயே வியாபாரம் செய்தார். பந்தியில் பேச்சில்லை. கல்யாணங்கள் தள்ளிப்போயின. இனிப் பொறுக்க முடியாது என்று ஆனபோது நாச்சிமுத்துவும் மற்றவர்களும் குமரவேலிடம் போய், ஒரே ஒரு தடவை நீயே அதைச் சொல்லிடு சாமி, உன் பேச்சு உன்கிட்டயே வந்துரும், நாங்க பொழைச்சுக்குவோம் என்று கெஞ்சினார்கள்.

"சொல்லாதேன்னு சொன்னது நீங்கதானுங்களே?" என்று கேட்டான் குமரவேல். "சொல்லச் சொன்னா எப்படிங்க? நான் எதையும் சொன்னதே இல்லையே." அவன் பேச்சு அப்போதும் சுத்தமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு அவர்கள் தெய்வானை வீட்டுக்கு வந்தார்கள். அவள் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒருவரும் உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்கள். நாச்சிமுத்து முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அம்மணி, அவனை ஊரை விட்டுத் தள்ளுனாலும் இது போகாதுன்னு தோணுது. அவன் இருக்கற வரைக்கும் போகாது. நீ ஏதாச்சும் செஞ்சீன்னா..." என்று இழுத்தார். "நாங்க இருக்கோம். அவன் உன்னை அசிங்கமாப் பேசுனான், ஆத்திரத்துல கை நீண்டுருச்சுன்னு ஊரே வந்து சாட்சி சொல்லும். சபாபதி வக்கீல்கிட்டயும் கேட்டாச்சு. திடீர்னு வந்த ஆத்திரம்னா சட்டத்துல எடம் இருக்காம்."

தெய்வானை டிபன் பாக்ஸைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"எனக்கு ஆத்திரம் திடீர்னு வரலீங்களே" என்றாள். "அவளைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு வந்துச்சு. நீங்க மண்டபத்துல உக்காந்து அவ வாயில பேச்சு வெச்ச அன்னிக்கு அப்படியே இருந்துச்சு. அவன் மைக்குல வணக்கம் சொன்னப்பவும் இருந்துச்சு. தினம் அதோடதான் எந்திரிக்கறேன், அதோடதான் தறி ஓட்டறேன். ஆம்பளைக்கு வர்ற மாதிரி படக்குனு வந்து படக்குனு போற ஆத்திரம் இல்லீங்க இது. இதுக்குச் சட்டத்துல எடம் இல்ல."

அவள் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அவனை நான் தொட மாட்டேன். நீங்களாக் கேட்டு வாங்குன வார்த்தை அது. வெச்சுக்குங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தாள். போய்வருகிறோம் என்று சொல்லாமல் ஒரு வீட்டு வாசலை விட்டு நகர்வது அந்த ஊரில் வழக்கமில்லை. நாச்சிமுத்து நின்றார், அய்யாக்கண்ணு நின்றார், பின்னால் வந்தவர்களும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். பட்டறைச் சங்கு ஊதியது. தெய்வானை நகரவில்லை.

"சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். நான்தாங்க இளஞ்சியத்தைக் கொன்னேன் என்று தொடங்கி, கடைசி எழுத்துவரை சொல்லி, போய்ட்டு வர்றேன் அம்மணி என்று முடித்துவிட்டு நடந்தார். அடுத்தவர் முன்னால் வந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவர் முகத்தையும் நேராகப் பார்த்தபடி, கடைசி ஆள் சொல்லி முடிக்கும்வரை, அவள் அங்கேயே நின்று கேட்டாள்.